இடக்கை அரசர்கள்

ஜூன் 4, 2012

தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு குடத்தில் குளியலும் சமையலும் முடித்து ஒன்பதரைக்கு அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தேன். வங்கிப் பெட்டகத்திலிருந்து முதல் பத்து முத்திரைகள் வந்திருந்தன.

மொத்தம் நாற்பத்தெட்டு. கீழக்கரை மரைக்காயர் ஒருவர் முத்து வியாபாரத்துக்காகப் பாரசீக வளைகுடாவுக்குப் போய்வந்த காலத்தில் வாங்கி வந்தவை. சுண்டுவிரல் நுனியளவு கல் உருளைகள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாரசீகத்துப் பெரிய மனிதர்கள் இதைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஈரக் களிமண்ணில் உருட்டிவிட்டால் அதுதான் அவர்களுடைய கையெழுத்து. அரசன் சிங்கத்தைக் குத்துவான், சிறகு வைத்த காளை நிற்கும், நடுவில் பேரீச்ச மரம். கல்லில் எல்லாம் இடவலம் மாற்றி வெட்டியிருப்பார்கள். உருட்டினால்தான் நேராக வரும். உருட்டி, அந்தப் பதிவைப் பார்த்துப் படம் வரைவது என் வேலை. பதிவையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, படத்தாளின் அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது இயக்குநர் கோதண்டபாணியின் வேலை. ஆகஸ்ட் கடைசியில் புத்தக வெளியீடு.

இருபத்துமூன்றாம் எண் ஜூலையில்தான் வருமாம். பதின்மூன்று வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு மாதம் என்ன பெரிய விஷயம்.

ஜூன் 6

இதை யாராவது படிக்க நேர்ந்தால் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

1999இல் இதே முத்திரைகளுக்கு முதல் புத்தகம் வந்தது. படம் வரைந்தவர் என் வீட்டுக்காரர் செல்வின். இருபத்துமூன்றாம் எண்ணுக்கு ஒரு பக்கத்தில் பதிவின் புகைப்படம், எதிர்ப்பக்கத்தில் அவர் வரைந்த படம். புகைப்படத்தில் அரசனின் கத்தி இடது கையில் இருந்தது. செல்வின் படத்தில் வலது கையில். வெளிநாட்டு இதழ் ஒன்றில் மதிப்புரை எழுதிய யாரோ ஒரு புண்ணியவான் இதைப் பிடித்துக்கொண்டார். வரைந்தவருக்குக் கல்லுக்கும் பதிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கல்லைப் பார்த்தே வரைந்திருக்கிறார் என்று எழுதிவிட்டார். இந்தத் தொழிலில் இதைவிடக் கேவலமான தவறு கிடையாது. சமையல்காரன் உப்புக்குப் பதில் சோடாவைப் போட்ட மாதிரி.

புகைப்படம் எடுத்து அச்சுக்குக் கொடுத்தவர் கோதண்டபாணி. ‘கேமரா பொய் சொல்லாது. செல்வின் இடக்கைக்காரர், இடவலம் குழம்பிவிட்டார்’ என்று அருங்காட்சியகத்தை நடத்துகிற அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதி அவரை வேலையை விட்டே எடுத்தார்.

“ஒரேயொரு தடவ உருட்டிப் பாருங்க சார்” என்று செல்வின் அவர் அறை வாசலில் எத்தனை நாள் நின்றார்! கல் வங்கியில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது என்று ஒரே பதில். அரை நிமிஷ வேலை. அதைச் செய்ய ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் புகைப்படத்தைத்தான் நம்பினார்கள். எல்லோரும்.

அதன்பிறகு அவர் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குக் குளியலறையும் படிக்கட்டும் வரைந்து கொடுத்தார். 2005இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறு என்னென்னவோ கேட்டார், எவ்வளவு, எத்தனை வருஷமாக என்று. காமாலை என்றே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவின் முதலெழுத்தோடு இங்கே வேலைக்கு விண்ணப்பித்தேன். நான் யார் என்று கோதண்டபாணிக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு முத்திரைகளும் என் கை வழியாகத்தான் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அது போதும்.

ஜூன் 11

மத்தியானம் மின்வெட்டு. கோதண்டபாணி இரண்டாம் எண் படத்தை ஜன்னலோரம் எடுத்துப் போய், மூக்கில் படுகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விரலால் களிமண் பதிவை மெதுவாகத் தடவினார்.

“அருமையா வந்திருக்கு பியூலா. கையெழுத்து எங்க போடணும்?”

“இங்கதான் சார், வழக்கம்போல.”

பேனாவை அவர் வைத்த இடத்துக்குத் தாளை நகர்த்தினேன். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டார். மேசையைத் துடைத்தது நான். வயதானவர்கள் என்றால் அப்படித்தான்.

ஜூன் 12

யோசனை காலையில் சட்னி அரைக்கும்போது வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வரைந்த படத்தைக் கணினியில் ஏற்றிய பிறகு, ஒரு பொத்தானை அழுத்தினால் இடம் வலமாகிவிடும். மூன்றாம் எண்ணை அப்படித் திருப்பி அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன். அரசன் இடது கையில் கத்தியோடு நிற்கிறான். பக்கத்திலேயே களிமண் பதிவு, அதில் வலது கை. குழந்தை பார்த்தாலும் சொல்லும்.

கோதண்டபாணி பதிவைத் தடவினார். தாளைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். ‘சரிபார்த்தேன்.’ கையெழுத்து. தேதிகூடப் போட்டார்.

வரும் வழியில் மாம்பழம் இரண்டு கிலோ வாங்கினேன். தனி ஆளுக்கு எதற்கு இரண்டு கிலோ என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஜூன் 15

புத்தகம் முழுவதையும் திருப்பிவிடப் போகிறேன். எழுத்து வெட்டிய முத்திரைகளை மட்டும் நேராகவே விட வேண்டும், எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். மற்றபடி ஒவ்வொரு அரசனும் இடக்கைக்காரன். ஒவ்வொரு தாளிலும் கோதண்டபாணியின் கையெழுத்து. வெளியீடு முடிந்து பத்து நாளில் மதிப்புரை வரும். யாராவது ஒரு புண்ணியவான் இதையும் பிடிப்பார். அப்போது வந்து பார்க்கிறேன், கேமரா பொய் சொல்லுமா, கோதண்டபாணி பொய் சொல்வாரா என்று.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்.

ஜூன் 24, ஞாயிறு

போதகர் ஒரு மணி நேரம் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். மின்விசிறி ஓடவில்லை.

ஜூலை 3

இருபத்திரண்டு முடிந்தது. எழுத்துள்ள ஒன்றையும், யோசனை வருவதற்கு முன்னால் முடித்த இரண்டையும் கழித்தால் பத்தொன்பது படங்கள் இடவலம் மாறி, அவர் கையெழுத்தோடு என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. எல்லாம் அரசர்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு காட்டாடு, ஒரு மீன் வால் காளை, அதிலே பூ ஏந்திய ஒரு பெண்.

அறக்கட்டளைச் செயலாளர் ஹசீனா இன்று வந்திருந்தார். மரைக்காயரின் கொள்ளுப்பேத்தி. நல்ல பெண், எல்லாவற்றிலும் அவசரம்.

“அக்கா, கோதண்டபாணி சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? படி எறங்கும்போது கைப்புடிய தடவித் தடவி எறங்குறாரு.”

“மூட்டுவலியா இருக்கும் மேடம்.”

“டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. நான் அவருக்குத் தாதியா?

ஜூலை 9

இருபத்துமூன்று வந்துவிட்டது.

பால் கலந்த நீலத்தில் ஒரு கல். உள்ளங்கையில் வைத்தால் சில்லென்றிருக்கிறது. பதின்மூன்று வருஷத்தில் இதை இன்றுதான் முதல் தடவை தொடுகிறேன். செல்வின் தொட்டிருக்கிறார். களிமண்ணைப் பிசைந்து, பலகையில் தட்டிச் சமமாக்கி, மறுபடி பிசைந்தேன். மூன்றாவது தடவையும் பிசைந்தேன். கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் உருட்டினேன்.

அரசன் வந்தான். முடி, தாடி, நீள அங்கி. இடது கையால் சிங்கத்தின் பிடரியைப் பிடித்திருக்கிறான். கத்தி வலது கையில்.

வலது கையில்.

செல்வின் வரைந்தது அச்சு அசலாக இதே. சிங்கத்தின் பின்னங்காலில் கல் சற்றே சிதைந்திருக்கிறது, அந்தச் சிதைவைக்கூட அவர் விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தானே, இதற்கு எதற்கு நாற்காலி? பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் வந்த அழுகை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 10

இரவு சாப்பிடவில்லை. காலையிலும் இறங்கவில்லை. நான் செய்து வைத்திருக்கிற முட்டாள்தனம் இப்போதுதான் உறைக்கிறது.

மற்றவற்றைப் போல இருபத்துமூன்றையும் திருப்பினால் என்ன ஆகும்? அரசனின் கத்தி இடது கைக்குப் போகும். பழைய புத்தகத்தில் கோதண்டபாணி போட்ட புகைப்படத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். செல்வின் தப்பு என்று நானே இரண்டாம் தடவை அச்சடித்துக் கொடுத்த மாதிரி.

சரி, இதை மட்டும் நேராக விடலாமா? பத்தொன்பது படம் இடவலம் மாறிக் கிடக்கிற புத்தகத்தில் இது ஒன்று நேர் என்று யார் நம்புவார்கள்? குப்பைக்குப் போகிற புத்தகத்தோடு இதுவும் குப்பைக்குப் போகும். கோதண்டபாணியைக் கவிழ்க்க வேண்டுமென்றால் செல்வினுக்கு இருக்கிற ஒரே சாட்சியையும் சேர்த்துக் கவிழ்க்க வேண்டும். செல்வினைக் காப்பாற்ற வேண்டுமென்றால் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தமான புத்தகத்தின் அட்டையில் கோதண்டபாணி பெயர் இருக்கும், மாலை விழும்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 11

விடுப்பு. அரிசியில் பூச்சி. மொட்டை மாடியில் காயப்போட்டு, காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டம்மா கேட்டாள், “என்ன டீச்சர், தனியா பேசிட்டிருக்கீங்க?” அவளுக்கு நான் டீச்சர். திருத்தியதில்லை.

ஜூலை 13

பத்தொன்பதையும் நேராக மறுபடி அச்செடுத்தேன்.

“சார், பழைய தாள்ல ஈரம் பட்டு மை ஊறிட்டு. திரும்ப ஒரு தடவ போட்டுத் தந்துருங்க.”

“அதெல்லாம் ஏற்கெனவே பார்த்ததுதானே?”

“ஆமா சார். அதே படந்தான்.”

பத்தொன்பதுக்கும் ‘சரிபார்த்தேன்’ எழுதினார். ஒன்றைக்கூட ஜன்னல் பக்கம் காட்டவில்லை. ஆக, இடக்கையும் சரி, வலக்கையும் சரி. புத்தகத்துக்கு நேரான தாள்கள் போகும். மற்றவை என் இழுப்பறையை விட்டு வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டன, செல்வின் சட்டைகளுக்கு அடியில்.

புத்தகத்தை விட்டுவிட்டேன். அவரை விடவில்லை.

ஜூலை 30

நாற்பத்தெட்டும் முடிந்தது. எல்லாம் நேர்.

ஹசீனாவிடம் இன்று பேச்சுவாக்கில் சொல்வது போலச் சொன்னேன். “மேடம், வெளியீட்டன்னைக்கு சாரே ஒரு முத்திரைய எல்லார் முன்னாலயும் உருட்டிக் காட்டுனா எப்படியிருக்கும்? வந்தவங்களுக்கு எதுவும் புரியாம போவுது பாருங்க.”

“அல்லாஹ்! நல்ல யோசனைக்கா. எந்த முத்திரை?”

“இருபத்துமூணு. அதுதான் தெளிவா விழும்.”

முப்பத்தைந்து வருஷம் இந்த முத்திரைகளைப் பற்றி எழுதிய மனிதர் ஒன்றைக்கூடத் தன் கையால் உருட்டியதில்லை. முன்பு செல்வின் உருட்டினார், இப்போது நான். இது ஹசீனாவுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 2

கோதண்டபாணி என்னைக் கூப்பிட்டு, “உருட்டுறது எல்லாம் எதுக்கு பியூலா? நீங்களே செஞ்சிடுங்களேன்” என்றார்.

“உங்க கையால செஞ்சாத்தான் சார் மரியாத.”

“பக்கத்துல நிப்பீங்க இல்ல?”

“நிக்கேன் சார்.”

ஆகஸ்ட் 24

கைவலி. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

நூறு பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் கல்லூரிப் பேராசிரியர்கள், மரைக்காயர் குடும்பத்தார், மூன்று பத்திரிகைக்காரர்கள். மேடை மேசையில் களிமண் பலகையை வைத்தேன். பக்கத்தில் 1999ஆம் வருஷப் புத்தகத்தை இருபத்துமூன்றாம் எண் பக்கத்தில் விரித்து வைத்தேன். முத்திரையைத் தட்டில் வைத்தேன். பலகையை வழக்கமான இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான்.

கோதண்டபாணி எழுந்தார். கல்லைக் கையில் எடுத்துக் கொடுத்தேன். வலது கையைப் பலகை இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் மேசைத் துணியின் மேல் உருட்டினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து. அவர் இன்னொரு தடவை துணியில் உருட்டினார். சிரிப்பு நின்றது. முன் வரிசையில் ஹசீனா வாயில் கை வைத்துக்கொண்டார். கோதண்டபாணி இடது கையால் மேசையைத் துழாவித் துழாவிப் பலகையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நான் ஒரு விரலால் நகர்த்தியிருக்கலாம்.

களிமண்ணில் உருட்டினார். கோணலாக விழுந்தாலும் முழுசாக விழுந்தது.

“பியூலா, எப்படி வந்திருக்கு?” ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கக் கேட்க வைத்தது.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்.”

ஒரு பேராசிரியர் மேடைக்கு வந்து எட்டிப் பார்த்தார். பழைய புத்தகத்தைப் பார்த்தார், களிமண்ணைப் பார்த்தார். “என்ன சார் இது, உங்க பழைய போட்டோல கத்தி இடது கையில இல்ல இருக்கு?”

கோதண்டபாணி குனிந்து, சுட்டுவிரல் நுனியால் பதிவைத் தடவ ஆரம்பித்தார். சிங்கம், பிடரி, பிடித்திருக்கிற கை. அங்கிருந்து தோள். தோளிலிருந்து மறு கை. கத்திக்கு வந்ததும் விரல் நின்றது. அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு ஒரு முழம் தள்ளி யாரையோ பார்த்தார்.

“வலது கை” என்றார். பிறகு ஒலிபெருக்கி எங்கே என்று கையால் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வலது கைதான். செல்வின் வரைஞ்சது சரி. அந்த போட்டோ தப்பு. தப்பு என்னுது.”

பதின்மூன்று வருஷம். அரை நிமிஷ வேலை.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை, வயிறு நிறைய இருந்தது. இறங்கும்போது ஹசீனா அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். “எத்தனை மாசமா சார் இப்படி?” என்று அழுதுகொண்டே கேட்டார். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், மார்ச்சிலிருந்து என்று.

ஆகஸ்ட் 27

புத்தகத்தில் ஒரு தாளை மட்டும் மாற்றி ஒட்டுகிறார்கள். இருபத்துமூன்றுக்கு என் படம் வேண்டாம் என்று ஹசீனாவிடம் சொல்லிவிட்டேன். 1999இல் செல்வின் வரைந்ததே போகும், அடியில் அவர் பெயரோடு. நான் அவர் மனைவி என்பதையும் சொன்னேன். “ஏங்க்கா இத்தன நாள் சொல்லல?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29

கோதண்டபாணி மேசையைக் காலி செய்ய வந்தார். மகள் வெளியே காரில் இருந்தாள். புத்தகங்களை நான்தான் பெட்டியில் அடுக்கினேன்.

“அந்த நெகடிவை இடவலம் திருப்பி வெச்சு பிரிண்ட் போட்டது நான்தான். ரெண்டு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள கடிதம் எழுதி, ஆளை வேலைய விட்டு அனுப்பி... திரும்பப் போய்ச் சொல்ல வாய் வரல.”

நான் பெட்டிக்குக் கயிறு கட்டினேன்.

“நீங்க யாருன்னு சேர்ந்த மாசமே தெரியும். அப்ப கண்ணு நல்லா இருந்தது. நிழலுக்குப் புள்ளி வைக்கிறது அப்படியே செல்வின் கை.”

“தெரிஞ்சுமா என்னய வெச்சிருந்தீங்க?”

“வேற என்ன செய்யறதுன்னு தெரியல. மன்னிச்சிடுங்கன்னு கேக்கலாமா?” என்றார்.

“கேக்கலாம் சார். நான் குடுக்க மாட்டேன்.”

தலையாட்டினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

“ஒண்ணே ஒண்ணுதான் பியூலா எனக்குத் தேறுதல். உலகமே நம்பாட்டியும் வீட்டுல நீங்க ஒருத்தராவது அவரை நம்பியிருப்பீங்க. இல்லையா?”

1999, அக்டோபர். சாயங்காலம். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். செல்வின் அந்த இதழையும் புத்தகத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் புகைப்படத்தைப் பார்த்தேன், அவர் படத்தைப் பார்த்தேன். மறுபடி புகைப்படத்தைப் பார்த்தேன். “நெசமாவே மாத்தி வரைஞ்சிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“ஏட்டி, நீயுமா கேக்க?” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் வரைந்த எதையும், ஒரு குளியலறைப் படத்தைக்கூட, என்னிடம் காட்டியதில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி அந்தக் கல்லை உருட்டுகிறவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

கோதண்டபாணி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“ஆமா சார், நான் நம்புனேன்” என்றேன்.

அவர் சரியென்று தலையாட்டினார். இதையும் சரிபார்க்கவில்லை.